காதுக்கருவி செல்: 10, 312, 13, 675 பற்றி நீங்கள் கேட்டவை

காதுக்கருவி பொருத்தித் தரும் ஒரு மையத்தில் செல் விற்பதும், சின்னச் சின்னப் பழுது பார்ப்பதும் என் வேலை. பேட்டரியைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (அப்பாவுக்காகக் கேட்கும் மகன்): மேடம், 13ஐ விட 312 பெரிய நம்பர்தானே, ஆனால் கையில் வாங்கினால் சின்னதாக இருக்கிறது. நம்பர் கூடினால் பவர் கூடுமா கூடாதா?

நம்பரை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள், அது அடையாளம் மட்டும்தான். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 10, 312, 13, 675. ஸ்டிக்கர் நிறம் முறையே மஞ்சள், பழுப்பு, ஆரஞ்சு, நீலம், எந்தக் கம்பெனியானாலும் இதே நிறம்தான். 10 நம்பர் 5.8 மி.மீ. அகலம், 3.6 மி.மீ. கனம். 312ம் 13ம் ஒரே அகலம், 7.9 மி.மீ., ஆனால் 312இன் கனம் 3.6, 13இன் கனம் 5.4. 675 தான் எல்லாவற்றிலும் பெரிது: 11.6க்கு 5.4. வோல்டேஜ் நாலுக்கும் ஒன்றுதான், ஏறக்குறைய 1.4. அதனால் பெரிய செல் போட்டால் சத்தம் கூடும் என்பது இல்லை. உள்ளே இருக்கும் சரக்குதான் வித்தியாசம், சின்னக் குடம் பெரிய குடம் மாதிரி.

காதுக்குள்ளேயே மறைந்துவிடும் கருவிக்கு 10, காதுக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லிய ஒயர் உள்ளே போகும் வகைக்குப் பெரும்பாலும் 312, சாதாரணக் காதுப்பின் கருவிக்கு 13, கேட்கும் திறன் ரொம்பக் குறைந்தவர்களுக்கான பவர் கருவிக்கு 675. சட்டைப் பையில் வைக்கிற பழைய பெட்டிக் கருவிக்கு இதெல்லாம் வேண்டாம், சுவர்க்கடிகாரத்தில் போடும் செல்லே போதும்.

கேள்வி: ஒரு அட்டையில் ஏ13, இன்னொன்றில் பி13, மூன்றாவதில் பிஆர் 48 என்று போட்டிருக்கிறது. எது சரி அக்கா?

மூன்றும் ஒன்றுதான். முன்னாலும் பின்னாலும் வரும் எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிஆர் என்று தொடங்குவது சர்வதேசக் குறியீடு: 10க்கு பிஆர் 70, 312க்கு பிஆர் 41, 13க்கு பிஆர் 48, 675க்கு பிஆர் 44. குழப்பமாக இருந்தால் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (ஊரில் காதுக்கருவிக் கடையே இல்லாதவர்): வாட்ச் ரிப்பேர் கடையில் 675 கேட்டேன், அச்சு அசலாக அதே சைஸில் ஒன்று கொடுத்தார். இருபது ரூபாய்தான். போட்டதும் கேட்டது, மறுநாள் கரகர என்று சத்தம், சாயங்காலம் நின்றுவிட்டது. மிஷின் போய்விட்டதா?

மிஷின் போகவில்லை, பயப்படாதீர்கள். மாதத்துக்கு நாலு பேராவது இதே புகாரோடு வருகிறார்கள். உங்களுக்குக் கிடைத்தது எல்ஆர் 44 ஆக இருக்கும், பொம்மையிலும் கால்குலேட்டரிலும் போடுவது. அகலம், கனம் எல்லாம் 675 அளவே, 44 என்ற எண்கூட ஒன்றுதான், கடைக்காரர் மேல் தப்பில்லை. ஆனால் உள்ளே இருப்பது வேறு. அது ஆல்கலைன். நம்முடையது ஜிங்க் ஏர், அதாவது துத்தநாகம் மட்டும் உள்ளே இருக்கும், அதோடு வினை புரிய வேண்டிய ஆக்ஸிஜனை வெளிக்காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். இன்னொரு பொருளுக்கு இடம் ஒதுக்க வேண்டாம் என்பதால் டப்பா முழுக்கத் துத்தநாகத்தையே அடைக்கலாம். அதனால்தான் 675இல் 600 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் சரக்கு கிடைக்கிறது (அதாவது 1 மில்லி ஆம்பியர் கரண்டை 600 மணி நேரம் தரும் அளவு), அதே அளவு எல்ஆர் 44இல் 150ஐத் தாண்டுவதே கஷ்டம். போதாததற்கு ஆல்கலைனில் வோல்டேஜ் முதல் நாளிலிருந்தே படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும். ஜிங்க் ஏர் கடைசிவரை ஒரே மட்டத்தில் நின்றுவிட்டு முடிவில் பொசுக்கென்று விழும். பவர் கருவி கேட்கிற கரண்டை வாட்ச் செல்லால் கொடுக்க முடியாது, அந்தக் கரகர அதுதான்.

312க்கு எல்ஆர் 41ஐத் தருவதும் இதே கதை. வாங்கும்போது பிளஸ் குறி போட்ட தட்டையான பக்கத்தைப் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டி, அதற்கடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் நம்முடையது. ஓட்டை இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் 13 பத்து நாள்கூட வருவதில்லை, பக்கத்து வீட்டு அத்தைக்கு அதே 13 இரண்டு வாரம் ஓடுகிறது. டூப்ளிகேட் செல்லா?

இருக்கலாம், ஆனால் முதலில் கருவி எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று பார்க்க வேண்டும். 13இல் சுமார் 290 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது என்று வையுங்கள். கருவி 1.5 மில்லி ஆம்பியர் எடுத்தால் 190 மணி நேரத்துக்கு மேல் ஓடும், நாளுக்கு 14 மணி நேரம் போட்டால் கிட்டத்தட்ட 14 நாள். அதே கருவி 312இல் ஓடினால் 170ஐ 1.5ஆல் வகுங்கள், எட்டு நாள். இதில் போன் பேசுவது, யூடியூப் கேட்பது எல்லாம் புளூடூத் வழியே என்றால் கரண்ட் இன்னும் ஏறும். அத்தை போனில் எதுவும் கேட்பதில்லை, மத்தியானம் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குகிறார் என்றால் கணக்கு சரியாகிவிட்டது. 675இல் இவ்வளவு சரக்கு இருந்தும் மூன்று வாரம்கூட வருவதில்லையே என்று கேட்டவருக்கும் இதே பதில்தான்: பவர் கருவி இரண்டு மடங்கு தின்னும்.

இதெல்லாம் இல்லாமல் திடீரென்று பாதியாகக் குறைந்தால் அட்டையின் பின்னால் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டிக்கரை எடுத்துவிட்டேன், கருவி தேவைப்படவில்லை. திரும்ப ஒட்டிவைத்தால் மிச்சமாகுமா?

ஆகாது. காற்று ஒருமுறை உள்ளே போய்விட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் தேய்மானம்தான். அதனால் போடப்போகும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள். பிரித்ததும் உடனே உள்ளே தள்ளிக் கதவை மூடாமல் மேசைமேல் ஒரு நிமிடமாவது காற்று வாங்க விடுங்கள், ஐந்து நிமிடம் என்றால் இன்னும் நல்லது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொட்டு அந்த ஓட்டையை அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி (டொரன்டோவிலிருந்து): அக்கா, அம்மம்மாவின்ர 312 பற்றரி குளிர் காலத்தில கெதியா முடியுது. பிரிட்ஜில வைக்கச் சொல்லி ஒராள் சொன்னவர்.

பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம், வெளியே எடுக்கும்போது ஈரம் படியும். குளிரில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், அதைவிட ஹீட்டர் போட்ட வீட்டின் வறண்ட காற்று உள்ளே இருக்கும் திரவத்தைக் காயவைத்துவிடும். அலமாரியில் அறை வெப்பத்தில் இருக்கட்டும். இரவில் கருவியை சிலிக்கா ஜெல் டப்பாவில் வைப்பீர்களானால் செல்லை எடுத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து காயும்.

கேள்வி (சென்னை): எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. செல் உப்பிக் கதவில் மாட்டிக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாமா?

நெம்பினால் கதவு போகும், அப்புறம் செலவு. துத்தநாகம் ஆக்சைடாக மாறும்போது இடம் அதிகம் பிடிக்கும், கடற்கரைக் காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டால் உப்பல் கூடும். செல்லின் உறை இரும்பு, சின்னக் காந்தத்தைக் காட்டினாலே வந்துவிடும், கருவியோடு வரும் பிரஷ்ஷின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும், பாருங்கள். தினமும் இரவு கதவைத் திறந்துவையுங்கள். தீர்ந்த செல்லை அன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தீர்ந்த செல்லை மல்டிமீட்டரில் பார்த்தால் 1.2 காட்டுகிறது. நல்ல செல்லைத் தூக்கிப் போடுகிறோமோ?

சும்மா இருக்கும்போது வோல்டேஜ் கொஞ்சம் மீண்டு வரும். கருவியில் போட்டால் சில நிமிடத்தில் மறுபடி பீப் அடிக்கும். மீட்டரை நம்பாதீர்கள்.

கேள்வி (காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி, வைத்த பையனின் அம்மா): சாதாரண 675 விலை குறைவு. அதையே போடலாமா?

போடாதீர்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் புராசஸருக்குக் கரண்ட் அதிகம் வேண்டும், அதற்கென்றே காற்று கூடுதலாகப் போகும்படி செய்த 675 தனியாக வருகிறது, அட்டையில் இம்ப்ளான்ட் என்று அச்சிட்டிருக்கும். சாதாரணமானது அளவில் பொருந்தும், ஆனால் நடுநடுவே நின்றுபோகும். வகுப்பில் இருக்கும் குழந்தை அதைச் சொல்லத் தெரியாமல் விழிக்கும்.

கேள்வி: சார்ஜ் போடும் கருவி வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே?

கை நடுங்குகிற, கண் மங்கிய பெரியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், 10 நம்பர் செல்லை விரலில் பிடித்துச் சரியான பக்கம் போடுவது அவர்களுக்குப் பெரும் பாடு. ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சில வருடங்களில் தளரும், மாற்ற சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும், அதுவரை காது கேட்காது. சர்வீஸ் சென்டர் தூரமாக இருந்தால் செல் போடும் வகையே என் ஓட்டு.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. விழுங்கிவிட்டால் தானாக வெளியே வந்துவிடும் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவரை நம்பிக் காத்திருக்காதீர்கள். விழுங்கினாலும் சரி, மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஈரத்தில் பட்டதும் மின்சாரம் ஓடிச் சதையை அரிக்கத் தொடங்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மூக்கிலோ காதிலோ சொட்டு மருந்து விடாதீர்கள், அட்டையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். குழந்தையே கருவி போடுவதென்றால் பூட்டுள்ள கதவு கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய கருவி 13, புதியது 312. மீதி அட்டைகள் ஆறு கிடக்கின்றன. அகலம் ஒன்றுதானே, அழுத்திப் போட்டால்?

கனம் கூட, கதவு மூடாது. எதிர்ப்பக்கமாக, 13 போட வேண்டிய இடத்தில் 312ஐ வைத்துக் காகிதம் மடித்துச் செருகிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் வேண்டாம். ஸ்டிக்கர் பிரிக்காததாக, தேதி தாண்டாததாக இருந்தால் உங்களுக்குக் கருவி பொருத்திய இடத்தில் கொடுங்கள், 13 போடுகிறவர்கள் தினமும் வருவார்கள்.