மலையேறினா பலூன் ஏன் வெடிக்குது?

கேள்வி: அண்ணா, பையன் பொறந்தநாளுக்கு மேட்டுப்பாளையத்துல ஒரு கடைல இருபது பலூன் டைட்டா ஊதி வாங்கி, கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு கார்ல கொண்டாந்தோம். பர்லியார் தாண்டினதும் ஒண்ணு டப்புன்னு வெடிச்சுது, குன்னூர் வர்றதுக்குள்ள இன்னும் மூணு போச்சு. மிச்சமெல்லாம் மறுநாள் காலைல சூம்பிக் கெடக்கு. கடைக்காரர் பழைய சரக்கைத் தலைல கட்டிட்டாரா?
— ஒரு வாசகி, ஊட்டி

பதில்: சரக்கு எப்படின்னு நான் பாக்கலைங்க, ஆனா புது பலூனா இருந்தாலும் டைட்டா ஊதினா இதே கதிதான். மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷன் 326 மீட்டர் உயரத்துல இருக்கு, ஊட்டி ஸ்டேஷன் 2,203 மீட்டர். நம்ம தலைக்கு மேல நிக்கிற காத்தோட எடைதான் காத்தழுத்தம், மேல ஏற ஏற அந்தக் காத்து குறையுது, ஊட்டி வந்து சேர்றப்ப கீழ இருந்த அழுத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு போயிடும். வழில காது அடைச்சிருக்குமே, சிப்ஸ் பாக்கெட் உப்பியிருக்குமே, எல்லாம் ஒரே சமாச்சாரம். வெளியிலிருந்து அமுக்குறது குறைஞ்சா உள்ள இருக்கிற காத்து விரியும்னு 1662லயே ராபர்ட் பாயில் எழுதி வெச்சுட்டாரு.

கணக்குப் போட்டா ஊட்டி வர்றப்ப கொள்ளளவு சுமார் 25% கூடணும் (ரப்பர் இழுத்துப் பிடிக்கிறதால கொஞ்சம் குறையும்). ஆனா பலூன் உருண்டைங்கிறதால குறுக்களவு 8% தான் கூடும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, அதான் வெடிக்கிற வரைக்கும் உங்களுக்குச் சந்தேகமே வரல. கண்ணாடி ஏத்தின காருக்குள்ள சூடும் இருந்திருக்கும், குளிராவது கொஞ்சம் சுருக்கியிருக்கும், அதுக்கும் வழியில்லாம போச்சு.

ராத்திரி வீட்டுல நடந்தது அதுக்கு நேரெதிர். கார்ல 35 டிகிரி, விடியக்காலைல 12 டிகிரின்னு வெச்சுக்கிட்டா அதுலயே ஏழெட்டு சதவீதம் காத்து சுருங்கிடும். அது போக ரப்பர்ல கண்ணுக்குத் தெரியாத சந்து நிறைய, அது வழியாவும் முடிச்சு வழியாவும் காத்து கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், மலையேறி ஒரு தடவை அளவுக்கு மீறி இழுபட்ட ரப்பருக்கு பழைய விறைப்பும் இருக்காது.

அடுத்த வருஷம் ஊதாத பலூனும் ஒரு கைப்பம்ப்பும் வாங்கிட்டு வாங்க, ஊட்டிக் காத்தையே அடிச்சுக்கலாம். கீழயே ஊதித்தான் ஆகணும்னா முக்கால்வாசியோட நிறுத்தச் சொல்லுங்க, கடைக்காரர் "என்னம்மா தொளதொளன்னு கேக்குறீங்க"ன்னு சிரிப்பாரு, பரவால்ல.