பல்லிக்கு எதற்குத் துணை?

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் இரண்டு லெப்பர்ட் கெக்கோ (புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி வகை) வளர்க்கிறேன். இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. போன மாதம்வரை ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கின. இப்போது பெரியது சின்னதைக் கழுத்தில் கடிக்கிறது. நேற்று சின்னதுக்கு வால் விழுந்துவிட்டது. பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். பிரித்தால் தனிமையில் ஏங்கிவிடாதா? இரையைக் கூட்டினால் போதுமா? நம்மூர் வெயிலைத் தாங்குமா?

ம., திருநகர், மதுரை

அன்புள்ள தம்பி,

வால் விழுந்தது நேற்று, இன்று உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்! முதலில் எழுந்துபோய்ச் சின்னதை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். இரையைக் கூட்டி இந்தச் சண்டையை நிறுத்த முடியாது. வெயில் இப்போது அவசரமில்லை.

செல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுத் திண்ணையில் ஒரு டியூப்லைட் உண்டு. மழை விட்ட ராத்திரிகளில் ஈசல் மொய்க்கும், பல்லிகள் கூடும், ஆனால் விளக்கடி ஒரு பெரிய பல்லிக்குத்தான் சொந்தம். வேறொன்று வந்தால் அது வாலை மெல்ல நெளிக்கும், பாயும், வந்தது மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஓடிவிடும், சண்டை அதோடு முடிந்தது. "அக்கா தங்கச்சி விளையாடுதுக" என்பார் அம்மாச்சி. விளையாட்டே இல்லை. விரட்டுவதற்காகத்தான் சண்டை, விலகிவிட்டால் பெரியது அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த நாட்களில் என் வீட்டுச் சுவரிலும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தொட்டியில் சின்னது எங்கே தம்பி ஓடும்? அது தோற்று ஒதுங்கின பிறகும் பெரியதன் கண்முன்னேயே கிடக்கிறது, அதனால்தான் மறுபடி மறுபடி கடி வாங்குகிறது.

ஒன்றின்மேல் ஒன்று படுத்ததைப் பாசம் என்று நினைத்துவிட்டீர்கள். ஹீட் மேட் என்கிற சூட்டு விரிப்பு இருக்கும் இடம் ஒன்றுதான், இரண்டுக்கும் அது வேண்டும், அதனால் படுத்தன. கல்யாண வீட்டில் ஒருவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாலே பரிதாபப்படுகிற ஊர் நம்மூர். அந்தப் பரிதாபத்தைப் பல்லிமேல் ஏற்றாதீர்கள். தனித் தொட்டியும் சூடான மூலையும் ஒளிய ஒரு மறைவிடமும் இருந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. பழகினால் சரியாகிவிடும் என்று சொல்வதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. சின்னது எதிர்க்காமல் மூலையில் சுருண்டு கிடந்தால் பழகிவிட்டது என்பார்கள், அது பயத்தில் சாப்பாட்டையே விட்டிருக்கும். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தால் பயம் போகாது.

காயம் ஆறும்வரை மணல் வேண்டாம், டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். வாலில்தான் கொழுப்பைச் சேர்த்து வைத்திருந்தது, அது போய்விட்டதால் பூச்சியைக் குறைக்காமல் கொடுங்கள். புது வால் முளைக்கும், உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு இருக்கும், பார்க்கக் குண்டாக இருக்கும், அது பரவாயில்லை.

அப்புறம், கழுத்தில் கடிக்கிறது என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். ஆண் இணைசேரும்போதும் கழுத்தைத்தான் கவ்வும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பெரியதை விட்டு அடியிலிருந்து பாருங்கள். பின்னங்கால்களுக்கு நடுவே கூரை வடிவில் துளை வரிசையும் வாலின் தொடக்கத்தில் இரண்டு புடைப்பும் இருந்தால் அது ஆண். அப்படியானால் சின்னது முட்டை வைக்கலாம். ஈரமான தேங்காய் நார்த்தூள் போட்ட டப்பா ஒன்றை உள்ளே வையுங்கள், பூச்சியில் கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள், இரண்டையும் மறுபடி சேர்த்துவிடாதீர்கள்.