ஓடத் தொடங்குகிறவர் எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்?

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் ஓட ஆரம்பித்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஏற்காடு மலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தாலே அது தெரிகிறது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது. கூடவே, ஆசையோடு வருகிறவர் தலையில் தேவையில்லாததைக் கட்டிவிடுகிறார்களே என்ற வருத்தமும் இருக்கிறது.

கேள்வி: எனக்கு 44 வயது. தினமும் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன். இனி ஓடலாம் என்று ஆசை. ஒரு கடையில் 13,000 ரூபாய் ஷூவைக் காட்டி, "இது இல்லாம ஓடினா முட்டி போயிடும்" என்றார்கள். வீட்டுக்காரரோ 900 ரூபாய் ஷூவே போதும் என்கிறார். யார் சொல்வது சரி? — அம்மாபேட்டை வாசகி

பதில்: இரண்டும் சரியில்லை, சகோதரி. புதிதாக ஓடுகிறவர்களுக்கு முட்டி வலி பெரும்பாலும் வருவது, உடம்பு பழகுவதற்கு முன்பே தூரத்தையும் வேகத்தையும் ஏற்றிவிடுவதால்தான். அதை எந்த விலை ஷூவும் தடுக்காது. அதற்காக, நடைக்கென்று செய்த மலிவு ஷூவில் ஓடவும் வேண்டாம். ஓட்டத்துக்கென்றே தயாரித்த ஷூ, மூவாயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய்க்குள் எடுத்தால் தொடக்கத்துக்குத் தாராளம். போன வருஷ மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் இன்னும் நல்லது. பெட்டியில் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். அதை மட்டும் பார்த்துவிடுங்கள். வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்த ஷூவில் பசை விட்டுப்போகலாம்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் ஆகும். ஓடும்போது போடப்போகிற சாக்ஸையே எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் பாதம் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். நீளத்தில் ஒரு நம்பர் ஏற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வேறு மாடல் கேளுங்கள். செருப்பிலேயே பழகிய நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பிறகு ஷூவைப் போட்டு எழுந்து நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. இரண்டு காலுக்கும் போட்டுக் கடைக்குள்ளேயே பத்துத் தப்படி ஓடிப் பாருங்கள். ஓட விடமாட்டோம் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்று: பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்த முக்கியமான செலவு நன்றாகப் பிடித்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் பிரா. மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டத்துக்கு வாரம் மூன்று நாள் போதும். பத்து நிமிஷம் நடந்துவிட்டு, ஒரு நிமிஷம் மெதுவோட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிஷம் போங்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு திணறினால் நடக்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால், மூன்று மாதத்துக்குள் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓட வாய்ப்பு அதிகம். சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கடைவீதியில் வாங்கிய 4,500 ரூபாய் ஷூவுக்கு மூன்றே மாதத்தில் சோல் பிளந்துவிட்டது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போட்டிருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா? — செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: முடியும். அந்த வரியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் கடைக்காரர் மறுக்கலாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதோ வேறு விஷயம்: பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தராமல் மறுப்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும்.

உங்களுக்கு முப்பது நாள் தாண்டிவிட்டாலும், குறையுள்ள பொருள் என்று புகார் செய்யும் வழி மூடிவிடவில்லை. ஆனால் குறை தயாரிப்பில் இருந்ததா, தேய்மானமா என்ற கேள்வி வரும். ஓட்ட ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். நீங்கள் வாரம் 20 கிலோமீட்டர் ஓடியிருந்தால் மூன்று மாதத்தில் 260 கிலோமீட்டர். அதற்குள் சோல் பிளப்பதைத் தேய்மானம் என்று தள்ளிவிட முடியாது. அடிப்பாகத்தின் ரப்பர் வரி அழியாமல் இருக்க, ஒட்டிய இடம் மட்டும் வாய் பிளந்திருந்தால் உங்கள் பக்கம் பலம். அதை வெளிச்சத்தில் நாலு கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். நீங்களே ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் பசை யாருடையது என்ற சண்டை வந்துவிடும்.

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆன்லைனில் வாங்கிய பொருளாக இருந்தாலும், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் சேலத்திலேயே வழக்குப் போடலாம்.

கேள்வி: ஜி.பி.எஸ். வாட்ச் கட்டாயமா? — கோரிமேடு வாசகர்

பதில்: முதல் வருஷத்துக்குத் தேவையில்லை. 400 மீட்டர் டிராக்கில் சுற்றை எண்ணினால் எந்த வாட்சும் தூரத்தை அவ்வளவு சரியாகச் சொல்லாது. மணிக்கட்டில் வெளிச்சத்தை வைத்து இதயத் துடிப்பு பார்க்கும் வாட்ச், வேகம் ஏறும்போது தப்புக் கணக்குக் காட்டுவது உண்டு. துல்லியம் வேண்டுமானால் மார்பில் கட்டும் பட்டைதான்.

கேள்வி: அரை மாரத்தான் முடித்துவிட்டேன். அடுத்து முழு மாரத்தானுக்காக ஏற்காடு மலைப்பாதையில் பயிற்சி எடுக்க நினைக்கிறேன். கார்பன் பிளேட் ஷூ வாங்கலாமா? — கன்னங்குறிச்சி இளைஞர்

பதில்: மலைக்காக என்றால் வேண்டாம் தம்பி. சோலுக்குள் கார்பன் தகடு வைத்து, சமதளத்தில் பந்தய வேகத்தில் ஓடுவதற்குச் செய்த ஷூ அது. உயரமான, மெத்தென்ற சோலோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பி இறங்கினால் கணுக்கால் தள்ளாடும். விலையும் கையைக் கடிக்கும், சாதாரண பயிற்சி ஷூ அளவுக்கு உழைக்கவும் உழைக்காது. பிடிமானமுள்ள சாதாரணப் பயிற்சி ஷூவே போதும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. இடையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது மூச்சை வாங்கும், ஆனால் உடம்பை உடைக்காது. உடைப்பது இறக்கம்தான். ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் நார்கள் சேதப்பட்டு, இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாமல் போகும். விரல்கள் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுத்துவிடும். அதனால் அடிவாரத்திலிருந்து ஏறி ஓடுங்கள், பஸ்ஸில் இறங்குங்கள். முதல் நாளே உச்சிக்குப் போக வேண்டாம். நாலைந்து வளைவு ஏறித் திரும்பி நடந்து வாருங்கள். வண்டிகள் மேலிருந்து முறித்துத் திரும்பும் பாதை அது. விடிந்த பிறகு, கண்ணில் படும் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஓடுங்கள். காதில் எதுவும் மாட்டாதீர்கள்.

கேள்வி: "12 வாரத்தில் முழு மாரத்தான், உத்தரவாதம்" என்று ஆன்லைன் கோச் ஒருவர் 9,000 ரூபாய் கேட்கிறார். நான் இன்னும் ஐந்து கிலோமீட்டர்கூட ஓடியதில்லை. தவிர, ஓட்டப் போட்டிக்குக் கட்டிய பணம் திரும்ப வராது என்கிறார்களே, உண்மையா? — ஓமலூர் வாசகர்

பதில்: அந்த 9,000 ரூபாயைக் கட்டாதீர்கள். 42.195 கிலோமீட்டருக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. 16, 20 வாரத் திட்டங்கள் பலவும், ஏற்கெனவே வாரம் 25, 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருப்பவருக்காக எழுதியவை. இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் பழகிக்கொள்ளும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு ஆகும். அவசரப்படுகிறவருக்குக் கெண்டைக்கால் எலும்பில் கீறல் விழுவது இந்த இடைவெளியில்தான். ஐந்து, பத்து, இருபத்தொன்று என்று ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கோச் முதலில் உங்களைத்தான் கேள்வி கேட்பார்: இப்போது எவ்வளவு ஓடுகிறாய், என்ன வலி, எத்தனை மணிக்கு வேலை. கேட்காமலே பணம் கேட்கிறவரை விட்டுவிடுங்கள்.

போட்டிக் கட்டணத்தில் இரண்டு விஷயம். நீங்கள் போகாமல் விட்டால் பணம் வராது, விதிமுறையில் அப்படித்தான் இருக்கும். சில போட்டிகளில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளவோ அடுத்த வருஷத்துக்கு மாற்றிக்கொள்ளவோ விடுவார்கள். கட்டும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள். நடத்துகிறவரே ரத்து செய்துவிட்டு, ஓட்டமும் இல்லை பணமும் இல்லை என்றால் அதைச் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். ரசீதையும் ரத்து அறிவிப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ஓடும்போது ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா? எதை வாங்குவது? — ஏற்காடு வாசகி

பதில்: ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் உப்பும் சர்க்கரையும் வேண்டும். நாலைந்து மணி நேரம் ஓடுகிறவர் வெறும் தண்ணீரையே மொண்டு மொண்டு குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும். மருந்துக் கடையில் கேட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்தது என்று அச்சிட்ட பொட்டலமாக வாங்குங்கள். பழச்சாறு மாதிரி டப்பாக்களில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டு விற்றதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்துவிட்டது. சரியான கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு இருக்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். அரை பாட்டிலில் கரைத்தால் வயிறு புரட்டும்.