பின்பக்கம் வளைந்தால் நாரி வலிக்கிறதா?

பேஸ்போல் ஆடும் உங்கள் 16 வயது மகனின் நாரி (கீழ்முதுகு) வலி பற்றி எழுதியிருக்கிறீர்கள். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் விலகிவிட்டதோ, சத்திரசிகிச்சை வரை போய்விடுமோ என்பதுதான் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கும் பயம். வலி காலுக்கு இறங்கவில்லை, கால் விறைக்கவும் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், 16 வயதில் டிஸ்க்கை நான் முதலில் சந்தேகிக்க மாட்டேன். நீங்கள் சொல்லும், இடுப்பு மூட்டில் கேட்கும் ‘டக்’ சத்தம் வலியில்லாதவரை பொருட்டல்ல. பேஸ்போல் மட்டையை வீசி முடிக்கும்போதும் பின்பக்கம் வளையும்போதும் ஒரு மாதமாக நாரியின் இடப்பக்கம் மட்டும் வலிக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கவனிக்க வேண்டியது அதைத்தான்.

வளரும் வயதில் இப்படி வரும் ஒருபக்க வலி, முள்ளெலும்பின் பின்பகுதியில் உண்டான அழுத்த வெடிப்பாக, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் கீறலாக, இருக்கலாம். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கும் இதே வெடிப்பு வருவதுண்டு. ஆரம்பத்தில் இது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் அவனை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.

அடித்த பந்து தூரம் போவதில்லை என்ற அவனது கவலையும் இதனோடு சேர்ந்ததாக இருக்கக்கூடும். வலக்கை ஆட்டக்காரன் மட்டையை வீசும்போது, பின்கால் நிலத்தை உந்த, ஊன்றிய இடக்காலின் மேல் இடுப்பு முதலில் சுழன்று, பிறகு நெஞ்சும் தோளும், கடைசியாகக் கைகளும் மட்டையும் திரும்புகின்றன. இடது இடுப்பு மூட்டு உள்நோக்கித் திரும்ப மறுத்தாலோ, பிட்டத் தசைகள் அதைத் தாங்காவிட்டாலோ, குறையும் சுழற்சியை நாரி ஈடுசெய்யப் பார்க்கும். நாரியின் 5 முள்ளெலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்பக்கூடியதோ ஏறத்தாழ 10 பாகைதான். மட்டையின் வேகமும் குறைகிறது, எலும்பும் நோகிறது.

இணையத்தைப் பார்த்துத் தினமும் 200 சிட்-அப் எடுப்பது இதற்கு மருந்தல்ல. இடுப்பின் சுழற்சி சிதறாமல் தோளுக்குப் போகும்படி நடுவுடலை இறுக்கிப் பிடிப்பதே மட்டை வீசும்போது வயிற்றுத் தசைகளின் வேலை; உடலை மடிப்பதல்ல. அதைவிட, வெள்ளவத்தைப் பாமசியில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனக் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு அவன் பயிற்சிக்குப் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வலி மறைந்தால் இன்னும் வேகமாக வீசுவான். இருபுறமும் வெடித்துவிட்டால் முள்ளெலும்பு முன்னே நழுவவும் கூடும்.

இந்த வாரமே விளையாட்டு மருத்துவ நிபுணரிடமோ எலும்பு முறிவு நிபுணரிடமோ காட்டுங்கள்; எம்ஆர்ஐ தேவையா என்பதை அவர் சொல்வார். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில மாத ஓய்வும் இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்டின்) பயிற்சியும் போதும். இடுப்பு மூட்டின் இறுக்கத்தை அளந்து சரிசெய்வதையும் அவரே பார்த்துக்கொள்வார். நிபுணரிடம் காட்டி முடிவு தெரியும்வரை மட்டை, பந்தெறிதல், ஓட்டம் எதுவும் வேண்டாம். போட்டி வருகிறது என்று பயிற்றுநர் வற்புறுத்தினால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.