ஞாயிற்றுக்கிழமை யோகா இருக்கட்டும், முதலில் தண்ணீர் குடிக்க விடுங்கள்

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 34. என் லைனில் 42 பேர். அதில் 36 பேர் பெண்கள். மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டில் எழுதிவைத்து ஒவ்வொரு மணிக்கும் கணக்கெடுக்கிறோம். குறைந்தால் மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் என்னைத் திட்டுவார். அவர் நகர்ந்ததும் நான் லைனைத் திட்டுவேன். மூன்று மாதத்தில் ஒன்பது பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். போன வாரம் ஊசி உடைந்ததற்காக ஏழாம் மெஷினில் இருக்கும் ஓர் அக்காவிடம் கத்திவிட்டேன். மெஷின் மேலேயே தலைகவிழ்ந்து அழுதார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். ஆட்களிடம் உற்சாகமே இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் யோகா வகுப்பும் ஊக்கப் பேச்சும் ஏற்பாடு செய் என்கிறார் மேனேஜர். எப்படி நடத்தினால் பலன் கிடைக்கும்?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்:

அன்புள்ள தம்பி,

கேள்வியைக் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஏழாம் மெஷின். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாளைக் காலை அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனி அறைக்குக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். சூப்பர்வைசர் அறைக்கு ஒரு பெண்ணைத் தனியாக அழைத்தாலே லைன் முழுக்க வேறு பேச்சு எழும். அவருக்கும் பயமாக இருக்கும். கத்தியது அவர் மெஷின் அருகில்தானே? அங்கேயே நின்று, அக்கம்பக்கத்து மெஷின்காரர்கள் காதில் விழும்படி, "அக்கா, அன்றைக்கு நான் கத்தியது தப்பு" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். "ஆனால் அன்றைக்கு ஷிப்மென்ட் அவசரம்" என்று ஒட்டுப் போடாதீர்கள். அவர் பதில் சொல்லாமல் தைத்துக்கொண்டே இருக்கலாம். இருக்கட்டும். அவர் உங்களுக்குச் சமாதானம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அப்படியே அவர் பெயரைச் சொல்லியும் கூப்பிடுங்கள். உங்கள் கடிதத்தில் மேனேஜருக்குப் பதவியும் உங்களுக்கு வயதும் இருக்கிறது. அவருக்கு ஒரு மெஷின் எண் மட்டும்தான் இருக்கிறது. கோபம் வரும்போது நீங்கள் "ஏய் ஏழாம் நம்பர்" என்றுதான் கூப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்தக் குரலை நிறையக் கேட்டிருக்கிறேன்.

அந்த ஊசி ஏன் உடைந்தது என்று பார்த்தீர்களா? தைக்கிறவர் கை தவறியும் உடையலாம். ஆனால் தோலின் ஓரத்தை மெலிதாக்கும் ஸ்கைவிங் வேலையில் போதுமான அளவு சீவாமல் அனுப்பினால், மடித்த இடம் தடித்துவிடும். அதற்குள் ஊசி இறங்கும்போது வளையும் அல்லது முறியும். தோலின் கனத்துக்குப் பொருந்தாத ஊசி எண், முனை மழுங்கியும் மாற்றாத ஊசி, இவற்றாலும் முறியும். அதாவது நான்கு மேசைக்கு முன்னால் நடந்த தவறு ஏழாம் மெஷினில் வந்து சத்தம் போடுகிறது. சத்தம் எங்கே கேட்டதோ அங்கே நீங்கள் திட்டிவிட்டீர்கள். தன் தவறு இல்லை என்று தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் திட்டு வாங்குவது இருக்கிறதே, அதைவிட மனிதரை ஒடிப்பது வேறில்லை. உங்கள் மேனேஜர் முன்னால் நீங்கள் நிற்கும் நிலையும் அதுதான் என்பதால், இது உங்களுக்கு விளங்கும்.

இனி யோகா. யோகா நல்லது, நானே செய்கிறேன். ஆனால் பேரணாம்பட்டு தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வரும் பெண்ணின் வாரத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, கம்பெனி பஸ் வரும் இடத்துக்கு ஓடி வருகிறார். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரில் இருக்க, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது. தினமும் ஒரு மாவட்டத்தில் தூங்கி இன்னொரு மாவட்டத்தில் உழைக்கிறவர்கள் இவர்கள். துணி துவைக்க, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க, ரேஷன் கடைக்குப் போக அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு ஞாயிறு. அதையும் எடுத்துக்கொண்டு "மூச்சை இழுத்து விடுங்கள்" என்றால் யாருக்கு உற்சாகம் வரும்? வகுப்பு நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் வேலை நேரத்துக்குள், சம்பளம் பிடிக்காமல், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று மேனேஜரிடம் கேளுங்கள். ஷிப்மென்ட் முடிந்ததும் வாங்கிக் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலத்தையும் நான் குறை சொல்லவில்லை. சேர்ந்து சாப்பிடுவது நல்ல விஷயம்தான். ஆனால் திட்டு வாங்கிய பதினைந்து நாளை ஒரு மதியச் சாப்பாடு ஈடுகட்டாது.

நான் இதே பாலாற்றங்கரையில் பல ஆண்டுகள் நல அலுவலராக வேலை பார்த்தவள். ஒரு தவறை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இருந்த ஒரு கம்பெனியில் கழிவறைக்கு டோக்கன் முறை வைத்திருந்தோம். லைனுக்கு இரண்டு டோக்கன். சுவரில் ஆணியில் தொங்கும். அது தொங்கினால்தான் எழுந்து போகலாம். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. நேரம் மிச்சமாகும் என்று நம்பினேன். பெண்கள் எங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் குடிப்பதைத்தான் நிறுத்திக்கொண்டார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் மூடி திறக்காமல் மாலை பஸ்ஸில் திரும்பிப் போனது. நீர்க்கடுப்பு, தலைவலி, அடிவயிற்று வலி என்று முதலுதவி அறைக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அங்கிருந்த நர்ஸ் அம்மா ஒரு நாள் என்னை உட்காரவைத்து, "மேடம், இது நோய் இல்லை, உங்கள் டோக்கன்" என்றார். அந்த வாக்கியம் இன்றும் என் காதில் இருக்கிறது. டோக்கனைக் கழற்றினால் கூட்டம் கூட்டமாக எழுந்து போவார்கள் என்று நிர்வாகம் பயந்தது. கழற்றினோம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வேலை தேங்காத நேரம் பார்த்து, பக்கத்து மெஷின்காரரிடம் கண்ணால் சொல்லிவிட்டு, அவர்களே முறை வைத்துப் போய்வந்தார்கள்.

உங்கள் லைனில் டோக்கன் இல்லாமல் இருக்கலாம். "இப்போதுதானே போனாய்?" என்ற உங்கள் பார்வையே டோக்கன் ஆகிவிடும். வேலூர் வட்டாரத்தில் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமானது. தகரக் கூரைக்குக் கீழே, மெஷின் மோட்டாரின் சூட்டில், பேஸ்டிங் மேசையின் பசை நெடியில் இருக்கும் உடம்புக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்பதும், கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பதும் அதே சட்டத்தில் எழுதியவைதான். இவற்றைச் சலுகை போல யாராவது பேசினால் தயங்காமல் திருத்துங்கள். தண்ணீர் கேன் லைனின் ஒரு கோடியில் இருந்தால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பேஸ்டிங் மேசையருகில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். மதியத்துக்கு மேல் அங்கே தலைவலி என்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை.

நின்றுபோன ஒன்பது பேரைப் பற்றி ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் நின்றார்கள் என்று அவர்களைக் கேட்டீர்களா? சம்பளம் ஒரு காரணமாக இருக்கும். அது உங்கள் கையில் இல்லை. ஆனால் மாலை நான்கரைக்கு வந்து "இன்றைக்கு எல்லாரும் இரண்டு மணி நேரம் ஓ.டி." என்று சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளையை யார் கூட்டிவருவது, இருட்டிய பிறகு பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் எப்படி நடப்பது என்று அந்த நிமிடத்திலிருந்து மனம் பதறத் தொடங்கும். கை தைக்கும், நினைப்பு வீட்டில் இருக்கும். ஓ.டி. வேண்டும் என்றால் முந்தின நாளே சொல்லுங்கள். முடியாதவர் முடியாது என்று சொல்ல இடம் விடுங்கள்.

லீவும் அப்படித்தான். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. உங்கள் ஊர், உங்களுக்கே தெரியும். மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. ரம்ஜான், ஆடிக் கிருத்திகை, ஜூனில் பள்ளி திறக்கும் நாள். ஒவ்வோர் ஆண்டும் இந்த நாள்களில் லைன் பாதி காலியாகிறது; ஒவ்வோர் ஆண்டும் நாம் அன்று காலையில் அதிர்ச்சியடைகிறோம். ஒரு காலண்டரைச் சுவரில் மாட்டி, யாருக்கு எந்த நாள் கட்டாயம் வேண்டும் என்று அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதை அவர்களே பேசிக்கொள்வார்கள். "பாட்டி செத்துப்போனார்" என்ற பொய்களும் குறையும். பொய் சொல்லி லீவு வாங்குகிறவருக்கும் அது அவமானம்தான்.

மேனேஜரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் கடினமானது. "ஆட்கள் பாவம் சார்" என்று போனால் கேட்கமாட்டார். அவருக்கும் மேலே ஒருவர் போனில் கத்திக்கொண்டிருப்பார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். லைன் நிற்கும் ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நிமிடம், எதனால் என்று எழுதுங்கள். லைனிங் வரவில்லை, நூல் நிறம் மாறிவிட்டது, கரண்ட், மெக்கானிக்குக்காகக் காத்திருந்தோம், தோல் தடிப்பு, ஆள் இல்லை. இரண்டு வாரம் எழுதுங்கள். நான் பார்த்த லைன்களில் எல்லாம் "ஆட்கள் மெதுவாகத் தைத்தார்கள்" என்ற காரணத்தைவிட "பொருள் வரவில்லை" என்பதே பக்கங்களை நிறைத்தது. உங்கள் நோட்டு வேறு மாதிரி சொல்லலாம், சொல்வதை நம்புங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் வேலை குவிகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். லைனின் வேகம் அந்த ஒரு மெஷினின் வேகம்தான். அங்கே ஒரு ஹெல்பரைப் போடுவது, 42 பேரைத் திட்டுவதைவிடப் பலன் தரும். நோட்டை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் இல்லாத நேரத்தில் மேனேஜரிடம் போங்கள். கடைசியாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சார், என்னைத் திட்ட வேண்டும் என்றால் மாலையில் உங்கள் அறையில் திட்டுங்கள், லைன் நடுவில் வேண்டாம்."

அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாத்தோர்ன் என்ற தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1927இல் ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி கூடியது. மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லி, அக்கறை காட்டினால் ஆட்கள் நன்றாக உழைப்பார்கள் என்று முடித்துவிடுவார்கள். பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்று அந்த ஐவரில் இருவரை 1928இல் மாற்றினார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த ஆராய்ச்சியின் முடிவுகள் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு: அதே தொழிற்சாலையில் அடுத்த சில ஆண்டுகளில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்காரவைத்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். உங்களுக்கு 42 பேர்தான். ஊக்கப் பேச்சாளர் ஒருவர் பேச, இவர்கள் கேட்பதற்குப் பதிலாக, நாளுக்கு இரண்டு பேரிடம் ஐந்து நிமிடம் "இந்த லைனில் உங்களுக்கு எது தொல்லை?" என்று நீங்கள் கேளுங்கள். மெஷின் பக்கத்தில் நின்றே கேட்கலாம். ஒரு மாதத்தில் எல்லாரையும் கேட்டுவிடுவீர்கள். சொன்னதில் ஒரு சிறிய விஷயத்தையாவது அதே வாரம் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார்.

யாராவது உங்களிடம் ஒரு மேலாளரோ மெக்கானிக்கோ தகாத முறையில் நடந்ததாகச் சொன்னால், அதை நீங்களே பேசி அமுக்கிவிடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கென உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

உங்களைப் பற்றி. ஒரு வாரமாகத் தூக்கமில்லை, பிள்ளைகள் மேல் எரிச்சல் என்பதை "வேலை அப்படி" என்று தள்ளிவிடாதீர்கள். ரத்த அழுத்தத்தை இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள், 34 வயதில் அதெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கம்பெனியிலிருந்து இறங்கியதும் நேராக வீட்டுக்குள் நுழையாமல், பத்து நிமிடம் நடந்துவிட்டுப் போங்கள். மேனேஜரின் குரலைத் தெருவிலேயே விட்டுவிட அந்த நேரம் வேண்டும்.

மேனேஜர் எதற்கும் மசியவில்லை என்றால்? அப்போதும் உங்கள் நாக்கு உங்களிடம் இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன, தண்ணீர் கேன் இருக்கிறது, காலண்டர் இருக்கிறது. ஆறு மாதம் பார்த்தும் திட்டைக் கடத்துவது மட்டுமே உங்கள் வேலையாக இருந்தால், வேறு கம்பெனி தேடுங்கள். தையல் லைன் தெரிந்த சூப்பர்வைசருக்கு ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை வேலை இருக்கிறது. அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

நோட்டில் இரண்டு வாரம் எழுதி முடித்ததும், எந்தக் காரணம் அதிகம் வந்தது என்று எனக்கு ஒரு தபால் போடுங்கள். அந்த அக்கா என்ன சொன்னார் என்பதையும்.