குரலைக் கேட்டே கண்டுபிடிக்கலாமா?

கேள்வி: தொலைபேசியில் 'ஹலோ' என்ற ஒரு சொல்லைக் கேட்டதுமே, பேசுபவரின் உடல்நிலையையும் அந்தஸ்தையும் சொல்லிவிட முடியும் என்கிறார் என் மாமனார். இது சாத்தியந்தானா? – வாசகி, தேனி

பதில்: உடல்நிலையைப் பொறுத்தவரை உங்கள் மாமனாருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். குரல்வளையை இயக்கும் நரம்புகளில் இடப்பக்கத்து நரம்பு நேராக அங்கே போய்ச் சேருவதில்லை. மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறித்தான் குரல்வளையை அடைகிறது. ஆகவே நுரையீரல் கட்டியோ வீங்கிய தமனியோ அதை அழுத்தினால், தொண்டையில் ஒரு கோளாறும் இல்லாமலே குரல் கம்மிவிடும். தைராய்டு சுரப்பு குறைந்தால் குரல் நாண்கள் தடித்துக் குரல் கனத்துப்போகலாம். பார்க்கின்சன் நோயில் குரல் தணிந்து, ஏற்ற இறக்கம் குறைந்துவிடும். நோயாளிக்கோ தாம் வழக்கம்போலப் பேசுவதாகவே தோன்றுவதால், "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்" என்று கேட்கும் வீட்டாரின் காதைத்தான் அவர் சந்தேகிப்பார். ஆனால் அதே கம்மல் சளியாலும் வரும், வகுப்பறையில் கத்தியதாலும் வரும், புற்றுநோயாலும் வரும். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்தாக வேண்டும். மாமனாரின் காது போதாது.

அந்தஸ்து விஷயம் இன்னும் சுவையானது. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குச் சென்று, நான்காம் மாடியில் விற்கும் ஏதேனும் ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்னும் விடையில் 'ர்' ஒலிக்கிறதா என்பதே அவருடைய கவனம். விலை உயர்ந்த சாக்ஸ் கடையில் 62 விழுக்காட்டினரும், நடுத்தரமான மேசீஸில் 51 விழுக்காட்டினரும் முழுதாகவோ ஓரளவோ அதை ஒலிக்க, மலிவான கிளைனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரே ஒலித்தனர். மூன்றிலும் விடை சொன்னவர்கள் கடை ஊழியர்களே; வாடிக்கையாளரின் தோரணை அவர்கள் நாவில் ஏறியிருந்தது, அவ்வளவுதான். சரியாகக் கேட்காதவர்போல அவர் மறுபடி கேட்டதும், மேசீஸில் பலர் விட்ட 'ர்' ஒலியைச் சேர்த்துக்கொண்டு திருத்தமாகச் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பேச்சில் இதே 'ர்' ஒலியை விழுங்குவதுதான் கௌரவம். நம் ஊரில் 'வாழைப்பழம்' என்ற சொல்லில் ழகரம் எப்படி வருகிறது என்று கவனித்து ஆளை எடைபோடுவதும் இந்த வகையே.

ஆகவே மாமனார் கேட்பது அவர் நினைக்கும் குரலாக இருக்க வேண்டியதில்லை. தொலைபேசியை எடுத்ததும் குரலை மாற்றிக்கொள்பவர்கள் நம்மில் பலர். அழைப்பது மேலதிகாரி என்று திரையில் தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.