மார்மன் சபையின் பணமும் நம்பிக்கையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மார்மன் சபையிடம் மலை மலையாகப் பணம் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா, கிளப்பிவிட்டதா?

உண்மைதான். இது அமெரிக்காவில் தோன்றிய, கிறிஸ்தவப் பின்னணி கொண்ட மதச் சபை. சபையின் காணிக்கை மிச்சத்தை முதலீடு செய்ய 1997-இல் சால்ட் லேக் சிட்டியில் ‘என்சைன் பீக் அட்வைசர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே வேலை பார்த்த டேவிட் நீல்சன் 2019-இல் அமெரிக்க வரித் துறையிடம் புகார் கொடுத்தார். அதில் சொன்ன தொகை சுமார் 10,000 கோடி டாலர். நிலமும் கட்டடமும் தனி.

கேள்வி: பணக்காரச் சபையாக இருப்பது தப்பா, சார்?

தப்பில்லை. மறைத்ததுதான் தப்பு. பெரிய அளவில் பங்கு வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பகிரங்கமாகக் காட்ட வேண்டும். என்சைன் பீக் தன் பேரில் காட்டாமல், பெயருக்கு 13 நிறுவனங்களை உருவாக்கி அவற்றின் பேரில் காட்டியது. 2018-இல் அந்தப் பங்குகளின் மதிப்பு சுமார் 3,200 கோடி டாலர். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நிறுவனத்துக்கு 40 லட்சம் டாலர், சபைக்கு 10 லட்சம் டாலர் அபராதம் போட்டது. தலைமைக்குத் தெரிந்தே நடந்தது என்று ஆணையத்தின் உத்தரவே சொல்கிறது. தவறு நடந்ததற்கு வருந்துவதாகச் சபையும் சொன்னது.

கேள்வி: தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது, அவரவர் விருப்பம்தானே? யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லையே?

விலகியவர்களிடம் பேசிப் பாருங்கள், இந்தக் கேள்வியில்தான் குரல் உடையும். சபையின் ஆலயத்துக்குள் (வாராந்தர வழிபாட்டுக் கூடம் அல்ல, சிறப்புச் சடங்குகளுக்கான இடம்) போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கான நேர்காணலில் பிஷப் (ஊர்ச் சபையின் தலைவர்) கேட்பவற்றில் ஒன்று, முழுத் தசமபாகம் கொடுக்கிறீர்களா என்பது. கொடுக்காதவருக்குச் சீட்டு இல்லை. குடும்பம் மறுமையிலும் பிரியாமல் இருக்க ஆலயத்தில்தான் திருமணம் நடக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. சீட்டு இல்லாவிட்டால் பெற்ற மகளின் திருமணமானாலும் தாய் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். முதலில் சட்டப்படி எல்லோர் முன்னாலும் மணந்துகொண்டால், அமெரிக்காவில் ஆலயச் சடங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி 2019 வரை இருந்தது. வாடகைக்கே திண்டாடும் குடும்பம் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கும்போது, அந்தப் பக்கம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதை விருப்பக் காணிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: யாரும் வழக்குப் போடவில்லையா?

ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன் என்ற முன்னாள் உறுப்பினர் 2021-இல் போட்டார். தசமபாகத்தை வணிக வளாகம் கட்டப் பயன்படுத்தமாட்டோம் என்று சொல்லி ஏமாற்றினார்கள் என்பது அவர் வாதம். 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முதலீட்டு வருமானத்திலிருந்து கட்டுகிறோம் என்று சபை முன்பே சொல்லியிருந்தது. சட்டப்படி அது சரிதான். ஆனால் அந்த முதலீட்டின் மூலதனம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: நிறைய உதவியும் செய்கிறார்களே அண்ணா?

செய்கிறார்கள், அதை மறுக்கக் கூடாது. 2023-இல் 136 கோடி டாலர் செலவிட்டதாகச் சபை அறிவித்தது. ஊர்ப் பிஷப்புகள் சம்பளமே வாங்குவதில்லை.

கேள்வி: பணத்துக்காக மட்டுமா விலகுகிறார்கள்?

இல்லை, வரலாறும் காரணம். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், ‘மார்மன் புத்தகம்’ என்ற வேதநூலைத் தங்கத் தகடுகளைப் பார்த்து மொழிபெயர்த்தார் என்றுதான் பலரும் படங்களில் பார்த்து வளர்ந்தார்கள். தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, அதில் முகம் புதைத்துச் சொல்லச் சொல்ல எழுதியது என்பதைப் பெரியவர்களான பிறகே அறிந்தார்கள். கல்லின் புகைப்படத்தைச் சபையே 2015-இல் வெளியிட்டது. சபையின் இன்னொரு வேதநூலான ஆபிரகாம் புத்தகத்துக்கு ஆதாரம் என்ற எகிப்தியப் பாப்பிரஸ் (பழங்கால நாணல் தாள்) துண்டுகள் 1967-இல் சபையின் கைக்குத் திரும்பின. அவை இறந்தவருக்கான சடங்கு ஏடுகள், ஆபிரகாம் பெயரே அவற்றில் இல்லை. கறுப்பினத்தவருக்கு 1978 வரை குருத்துவம் (சபைச் சடங்குகளை நடத்தும் உரிமை) மறுக்கப்பட்டது வேறு.

கேள்வி: என் அத்தை மகன் அமெரிக்காவில் இந்தச் சபையில் சேரப் போகிறான். என்ன சொல்லட்டும்?

திட்டாதீர்கள், திட்டினால் பேச்சே நின்றுவிடும். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கும் முன் வருடாந்தர வரவு செலவுக் கணக்கைக் கேட்கச் சொல்லுங்கள். சட்டம் கேட்பதால் பிரிட்டனில் கணக்கு வெளியாகிறது. அமெரிக்காவில் முழுக் கணக்கை வெளியிடுவதை 1959-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள்.